ஓடம் வண்டியில் ஏறியபோது

‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. வாழ்வும் தாழ்வும் மாறி மாறி வரும் என்னும் கருத்தை உணர்த்தப் பெரியவர்கள் இதைச் சொல்வதுண்டு. ஆனால் பழமொழியின் முதற்பாதி சொல்லுக்குச் சொல் உண்மையாகி நின்ற காலம் ஒன்று தாம்பரம் பகுதி மக்களுக்கு வாய்த்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், கடலைக் காணாத முடிச்சூர்த் தெருக்களுக்கு, கடலில் மீன் பிடிக்கும் படகுகள் லாரியின் மேல் ஏறி வந்தன.

படகு வந்ததில் வியப்பென்ன, வெள்ளம் வந்தால் படகு வரத்தானே செய்யும் என்று கேட்கலாம். வியப்பு அதில் இல்லை. நீரில் மிதக்கும்போது ஒரு சிறுவன் கைவைத்துத் தள்ளினாலும் நகரும் படகு, கரைக்கு வந்தவுடன் பத்து ஆட்களுக்கும் அசையாத பாரமாகிவிடுகிறது. நீரில் அதன் எடை முழுவதையும் நீரே தாங்குகிறது. ஆர்க்கிமிடீசின் விதியை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். கரையில் அந்த எடை முழுவதையும் மண் தாங்குகிறது. மண்ணோடு சேர்ந்து உராய்வும் எதிர்க்கிறது. ஆகவே படகுப் பயணத்தில் மிகக் கடினமான பகுதி நடுக்கடல் அன்று; நீரும் நிலமும் சந்திக்கும் சில கஜ தூரமே ஆகும். அந்தச் சில கஜத்தைக் கடக்க மனிதன் கண்ட வழிகளின் வரலாறே இக்கட்டுரை.

கடலில்லா ஊரில் வெள்ளம்

தாம்பரம் கடலிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர் உயரம். ஆயினும் இது ஏரிகளின் ஊர். இரும்புலியூர், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லப்பாக்கம் என்று எந்தப் பக்கம் நடந்தாலும் ஓர் ஏரிக்கரை எதிர்ப்படும். ஒன்று நிரம்பினால் அடுத்ததற்கு உபரிநீர் செல்லுமாறு முன்னோர் அமைத்த ஏரித்தொடர்கள் இவை. கிழக்குப் புறத்து ஏரிகளின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நாடும். மேற்குப் புறத்து நீர் அடையாற்றில் சேரும்.

அந்த அடையாறு ஆதனூர்ப் பகுதி ஏரிகளின் நீரைத் திரட்டிக்கொண்டு மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வடக்கு நோக்கி ஓடுகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் இதனோடு சேர்வது இவ்வூர்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில்தான். எனவே சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கத்து நீர் பெருங்காரணம் என்றாலும், முடிச்சூரை மூழ்கடித்தது பெரும்பாலும் அதற்கு மேற்புறத்து ஏரிகளின் நீரும் அங்கேயே கொட்டிய மழையுமே ஆகும்.

அந்த மழைதான் எத்தகையது! 2015 நவம்பரில் மட்டும் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் பெய்திருந்தது. 1918க்குப் பிறகு அவ்வளவு மழை கண்ட நவம்பர் கிடையாது. ஏரிகளெல்லாம் விளிம்பு தொட்டு நின்றன. மண்ணும் இனி ஒரு துளி குடிக்க இயலாத நிலையில் இருந்தது. அதன் மேல் டிசம்பர் 2 காலை 8-30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. ஒரு சதுர மீட்டர் தரையில் 49 சென்டிமீட்டர் என்றால், ஏறக்குறைய அரை டன் நீர்! தரைத்தளம் மூழ்கியது. மக்கள் மாடிக்கு ஏறினர். மாடியில்லாதவர்கள் அடுத்த வீட்டு மாடியை நாடினர். குடிநீரும் மின்சாரமும் இல்லாமல் முதியோரும் குழந்தைகளும் காத்திருந்தனர்.

விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பறந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் இராணுவத்தினரும் காற்றடைத்த ரப்பர்ப் படகுகளுடன் இறங்கினர். ஆனால் நகரின் வடகோடி முதல் தென்கோடி வரை ஒரே நேரத்தில் வெள்ளம் சூழ்ந்தபோது அப்படகுகள் போதவில்லை. அப்போதுதான் கடலோரக் குப்பங்களின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்தனர். படகைத் தரையில் கையாளும் வித்தையை அவர்கள் எங்கே கற்றனர்? அதை அறிய நாம் கடற்கரைக்குத்தான் செல்லவேண்டும்.

துறைமுகமில்லாக் கரையின் பாடம்

சோழமண்டலக் கடற்கரைக்கு இயற்கைத் துறைமுகம் அமையவில்லை. நீண்ட மணற்கரை, அதன் மேல் ஓயாமல் வந்து உடையும் அலை. 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்ட இடம் பெற்றபோதும் இதே நிலைதான். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆளும் சரக்கும் அலையைக் கடந்து கரை சேர்ந்தது மசூலாப் படகுகளில்தான்.

மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். கரையில் வந்து மோதும்போது ஆணியடித்த விறைப்பான படகு பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து நெளிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நீரில் போவதற்காக மட்டுமன்றி, நிலத்தில் மோதுவதற்காகவும் அமைக்கப்பட்ட படகு அது.

கட்டுமரம் இன்னும் எளிய, இன்னும் நுட்பமான விடை. இலேசான மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக் கயிற்றால் கட்டினால் அது கலம். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்தால் அது வெறும் மரக்கட்டைகள். மொத்தமாக இழுக்க முடியாத பாரத்தைப் பகுதி பகுதியாகத் தோளில் சுமந்து மேட்டில் காயவைத்துவிடலாம். பாரத்தைப் பிரித்துக்கொள் என்பதே அதன் பாடம். ‘கட்டுமரம்’ என்னும் நம் சொல்லே ‘கட்டமரான்’ என ஆங்கிலத்தில் புகுந்து உலகெங்கும் வழங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகம் எழுந்தது. அதன் சுவர்கள் கரையோர மணலோட்டத்தைத் தடுத்தன. தெற்கே மெரீனாக் கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. தெற்கத்திக் குப்பங்களில் மணல் அகல அகல, படகை இழுத்துச் செல்லவேண்டிய தூரமும் கூடிற்று.

ஃபைபரும் டிராக்டரும்

1979இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு, சுவீடன் நாட்டு உதவியுடன் ‘வங்காள விரிகுடாத் திட்டம்’ என்ற பெயரில் சிறு மீனவர்களுக்கான பணியைத் தொடங்கியது. சென்னையை மையமாகக் கொண்டு இயங்கிய அத்திட்டம் எடுத்துக்கொண்ட சிக்கல்களில் ஒன்று நாம் பேசிவரும் இதே சிக்கல்தான்: எந்திரம் பொருத்திய படகு அலையைக் கடந்து மணலில் ஏறுவது எப்படி? படகு தரை தட்டும்போது முதலில் முறிவது அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி. ஆகவே எந்திரத்தையும் தண்டையும் விசிறியையும் சேர்த்தே மேலே சாய்த்துக்கொள்ளக்கூடிய அமைப்பை அவர்கள் ஆய்ந்து உருவாக்கினர். கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு வார்த்த ஃபைபர் படகுகள் இக்கரையில் பரவத் தொடங்கிய காலமும் அதுவே.

2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கான கட்டுமரங்களையும் வள்ளங்களையும் அழித்தது. அதன்பின் வந்த உதவிகளில் பெரும்பகுதி ஃபைபர் படகுகளாகவே வந்தது. ஏறத்தாழ 28 முதல் 32 அடி நீளம். கட்டுமரத்தைப்போல் அவிழ்த்துச் சுமக்க முடியாது, ஒரே பாரம். ஆள் பற்றாக்குறையும் சேர்ந்தது. எனவே குப்பங்களின் மணலில் புதிய உழைப்பாளி ஒன்று வந்து நின்றது. அதுதான் வயலில் உழும் டிராக்டர்.

டிராக்டரை ஏன் தேர்ந்தார்கள்? குதிரைத்திறன் வேண்டுமென்றால் காரிலும் உண்டு, வேனிலும் உண்டு. ஆனால் காரை மணலில் இறக்கிப் படகைக் கட்டி இழுத்தால் என்ன ஆகும்? சக்கரம் சுழலும், மணல் பறக்கும், வண்டி அச்சு வரை புதையும். எந்திரத்தின் வலிமை வேறு, சக்கரத்தின் பிடிப்பு வேறு என்பதை இங்குதான் நாம் காணவேண்டும்.

முன்சக்கரமா, பின்சக்கரமா?

ஓர் ஊர்தி எவ்வளவு இழுக்கும் என்பதற்குக் கடைசி வரம்பு விதிப்பது எந்திரம் அன்று. சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு. அந்த உராய்வு இரண்டைப் பொறுத்தது. ஒன்று தரையின் தன்மை. உலர்ந்த சிமெண்டுத் தளத்தில் ரப்பர்ச் சக்கரத்தின் உராய்வுக் கெழு 0.7 அல்லது அதற்கும் மேல் இருக்கும். பாசி படிந்து நனைந்த தளத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டாவது, இயக்கப்படும் சக்கரத்தின் மேல் அழுந்தும் எடை. வண்டியின் மொத்த எடை அன்று. எந்திரம் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறதோ அதன் மேல் விழும் எடை மட்டும்.

உலகின் முதல் தானியங்கி ஊர்தியே முன்சக்கர இயக்கம் கொண்டது என்பது பலருக்குத் தெரியாது. பிரெஞ்சுப் பொறியாளர் குன்யோ 1770ஐ ஒட்டிப் பீரங்கிகளை இழுப்பதற்காகச் செய்த நீராவி வண்டிக்கு மூன்று சக்கரங்கள். கனத்த கொதிகலனை முன்னே தொங்கவிட்டு, ஒற்றை முன்சக்கரத்தையே நீராவியால் சுழலச் செய்தார். அந்த வண்டி இன்றும் பாரிசில் உள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னர் வந்த மோட்டார் கார்களில் நெடுங்காலம் பின்சக்கர இயக்கமே வழக்கமாயிற்று. வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் வெளிவந்த ‘ஹெரால்டு’ காரும் பின்சக்கரத்தால் ஓடியதே.

முன்சக்கர இயக்கமும் நம் தெருக்களுக்குப் புதியதன்று. மூன்று சக்கர ‘டெம்போ’வில் எந்திரம் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து அதையே சுழற்றிற்று. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் திருமண வீட்டாரையும் ஏற்றிச் சென்ற மெட்டடோர் வேனும் முன்சக்கரத்தால் இழுபட்டதே. 1983இல் வந்த மாருதி 800க்குப் பிறகு நம் சிறு கார்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. இதன் நன்மை தெளிவு. எந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் முன்னாலேயே அடங்கிவிடுவதால் பின்பக்கத்துக்குச் செல்லும் நீண்ட தண்டு வேண்டுவதில்லை. தளம் தாழ்வாகும், உள்ளே இடம் கூடும். ஐரோப்பாவில் படுக்கை, சமையலறையோடு கூடிய சுற்றுலா வீட்டு வண்டிகளை 1981இல் வந்த ஃபியட் டுகாட்டோ போன்ற முன்சக்கர வேன்களின் மேல் மிகுதியாகக் கட்டுவதற்கும் இதுவே காரணம். திரைப்பட நடிகர்களால் நமக்குப் பழக்கமான ‘கேரவன்’ வண்டியின் உறவினர் என்று அவற்றைக் கொள்ளலாம்.

அங்கே விடுமுறைக்குச் செல்வோர் இத்தகைய வண்டியின் பின்னால் ஒரு சிறு படகை டிரெய்லரில் பூட்டி ஏரிக்கு இழுத்துச் செல்வர். நெடுஞ்சாலையில் தொல்லை இல்லை. தொல்லை நீர்த்துறையின் சரிவில்தான். ஏன் என்று ஒரு கணக்கால் பார்ப்போம். கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கலாம்.

வண்டியின் எடை 3,000 கிலோ. சமதளத்தில் முன் அச்சில் 1,300, பின் அச்சில் 1,700 கிலோ விழுகிறது என்று கொள்வோம். அச்சுகளுக்கு இடையே 3.8 மீட்டர். பின் அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் கொக்கி. படகும் டிரெய்லரும் சேர்ந்து 800 கிலோ. அதில் 75 கிலோ கொக்கியின் மேல் அழுந்துகிறது. 8 மீட்டர் சென்றால் 1 மீட்டர் உயரும் சரிவில் இவ்வளவையும் மேலே இழுக்கவேண்டும்.

கொக்கியில் அழுந்தும் 75 கிலோ, ஏற்றப் பலகையின் ஒரு முனையைப் போல், பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு வண்டியின் மூக்கை உயர்த்தப் பார்க்கிறது. 75ஐ 2ஆல் பெருக்கி 3.8ஆல் வகுத்தால் சுமார் 40 கிலோ. முன் அச்சு அவ்வளவை இழக்கிறது. வண்டி ஏற்றத்தில் நிற்பதால் அதன் எடை பின்பக்கம் சாய்கிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் இதனால் இன்னும் 100 கிலோ போகிறது. டிரெய்லர் பின்னோக்கி இழுப்பதால் மேலும் ஒரு 10 கிலோ. ஆக 1,300இல் 150 போக, முன்சக்கரங்களின் மேல் எஞ்சுவது 1,150 கிலோ. பின்சக்கரங்களின் மேலோ 1,925 கிலோ!

இழுக்கத் தேவையான விசை எவ்வளவு? மொத்த எடை 3,800 கிலோவில் எட்டில் ஒரு பங்கு 475. சக்கரங்கள் உருள்வதில் ஏற்படும் தடைக்கு நூற்றுக்கு 2 வீதம் 76 சேர்த்தால் சுமார் 550 கிலோ எடைக்குச் சமமான விசை. நனைந்த தளத்தின் உராய்வுக் கெழு 0.35 என்றால், முன்சக்கரங்கள் தரக்கூடிய இழுவிசை 1,150 பெருக்கல் 0.35, அதாவது ஏறத்தாழ 400. போதாது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதே வண்டியைப் பின்சக்கரங்கள் இயக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 670. படகு மேலே வந்துவிடும். எந்திரம் அதேதான்; எடை அதேதான். எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது மட்டுமே மாறியது.

முன்சக்கர வண்டிக்கு ஆறுதல் ஒன்றுண்டு. வண்டியைப் பின்னோக்கி ஓட்டித்தான் படகை நீரில் இறக்குவார்கள். எனவே பின்சக்கரம் பாசியில் நிற்கும்போது முன்சக்கரம் மேலே உலர்ந்த தளத்தில் நிற்கக்கூடும். இதை அறிந்தவர்கள் செய்யும் உபாயம் எளியது. டிரெய்லரைக் கொக்கியிலிருந்து கழற்றி, நீண்ட கயிற்றால் கட்டி, வண்டியைச் சரிவில் இறக்காமல் மேலே சமதளத்திலேயே நிறுத்தி இழுப்பார்கள். வண்டி தன் எடையைத் தானே ஏற்றத்தில் இழுக்கும் வேலை மிச்சம். கொக்கியின் பாரமும் இல்லை. பிடிப்புக்கு உலர்ந்த தரை. நம் கணக்கில் இழுக்கவேண்டியது 3,800 கிலோ அன்று, 800 கிலோ மட்டுமே என்றாகிவிடும்.

இப்போது நம் குப்பத்து டிராக்டருக்குத் திரும்புவோம். அதன் பெரிய பின்சக்கரங்களே இயக்குசக்கரங்கள். வண்டியின் எடையில் பெரும்பகுதி அவற்றின் மேல் விழுகிறது. இழுக்க இழுக்க மூக்கு இலேசாகிப் பின்சக்கரம் இன்னும் அழுந்துகிறது, பிடிப்பு கூடுகிறது. அகன்ற சக்கரம் மணலில் புதையாமல் பரவி நிற்கிறது. அதன் ஆழமான வரிகள் மணலைக் கவ்வுகின்றன. படகைக் கட்டுவதும் நீண்ட கயிற்றால்தான். அயல்நாட்டு ஏரித்துறையில் கற்கும் அதே பாடத்தை நம் மீனவர்கள் மணலில் கற்றிருக்கிறார்கள்.

ஏன் லாரி?

கடற்கரை மணலில் டிராக்டர் போதும். ஆனால் 2015இல் படகு போகவேண்டியிருந்தது 15, 20 கிலோமீட்டர் அப்பால். அதுவும் நனைந்த சாலையில், ஆங்காங்கே முழங்கால் நீரில். மீன்பிடிப் படகுகளுக்கு டிரெய்லர் கிடையாது. கிடைத்தது லாரி. கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள் என்றாலும், இயற்பியல் நோக்கில் அது மிகச் சரியான தேர்வு.

டிரெய்லரில் இழுக்கும்போது படகின் எடை டிரெய்லரின் சக்கரங்களின் மேல் விழுகிறது. இழுக்கும் வண்டியின் பிடிப்புக்கு அது உதவுவதில்லை, சுமையாக மட்டுமே இருக்கிறது. லாரியில் ஏற்றினால் அதே எடையின் பெரும்பங்கு, இயக்கப்படும் பின்சக்கரங்களின் மேல் நேரே அழுந்துகிறது. பாரமே பிடிப்பாகிறது! மேலும் லாரியின் உயரமான அடிப்பகுதி, கார் நின்றுபோகும் நீரிலும் சற்றுத் தூரம் செல்ல இடம் தருகிறது.

ஏற்றுவதும் இறக்குவதும்தான் வேலை. படகு லாரியின் தளத்தைவிட நீளம். பின்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும். இறக்கும்போது லாரியின் தளம் தரையிலிருந்து இடுப்புக்கு மேல் உயரம். இரண்டு மரங்களைச் சாய்த்துச் சாய்தளமாக்கி வழுக்கிவிடலாம்; அல்லது பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்து இறக்கலாம். வெள்ளத்தின் விளிம்பு சாலையிலேயே இருந்தால் லாரியைப் பின்னோக்கி நீருக்குள் செலுத்தி, நீர் தாங்கத் தொடங்கும் இடத்தில் படகை நழுவவிடலாம். கணக்குத் தப்பினால் லாரியே நின்றுபோகும். எந்த ஆழத்தில் நிறுத்துவது, எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லும் கண், அலைவாயில் பழகியவர்க்கே வாய்க்கும்.

நீரில் இறங்கிய பிறகும் தெரு வேறு, கடல் வேறு. மூழ்கிய சுற்றுச்சுவரின் கூர்முனையும், வேலிக் கம்பியும், நின்றுபோன காரின் கூரையும் கண்ணுக்குத் தெரியா. மிதக்கும் துணியும் பிளாஸ்டிக் பையும் எந்திர விசிறியில் சுற்றிக்கொள்ளும். அங்கே எந்திரத்தை அணைத்து, விசிறியைத் தூக்கிவிட்டு, கழியால் ஊன்றியும் கயிற்றால் இழுத்தும் செல்வதுதான் வழி. அலையில் விசிறியைத் தூக்கிக் கரையேறும் பழக்கம் தெருவிலும் கைகொடுத்தது. இவ்வாறு கூரையோரம் சென்று, மாடிப்படியிலிருந்து முதியவர்களைக் கைப்பிடித்து இறக்கிக் கொண்டுவந்தனர். தங்கள் பிழைப்புக்குரிய கலம் சுவரில் உரசிக் கீறும் என்று தெரிந்தே அதைச் செய்தனர்.

மூன்றாண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோதும் இதே காட்சி பேரளவில் நிகழ்ந்தது. 669 மீன்பிடிப் படகுகள் மீட்புக்குச் சென்றதாக அம்மாநிலக் கணக்கு கூறுகிறது. அவற்றில் மிகப்பல லாரியேறியே உள்நாட்டுக்குச் சென்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் படகும் டிராக்டரும் ஒருங்கே மக்களைச் சுமந்தன. மிதக்கும் ஆழத்தில் படகு, உருளும் ஆழத்தில் டிராக்டர்!

மழைக்கு முன்னே

2015க்குப் பிறகு அடையாற்றை அகலப்படுத்தவும் மூடிய வடிகால்கள் அமைக்கவும் பணிகள் நடந்தன. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. ஆயினும் தாழ்ந்த இடம் தாழ்ந்த இடமே. 2021லும் 2023லும் நீர் மீண்டும் வரதராஜபுரத் தெருக்களைத் தேடி வந்தது. ஏரிகள் தம் கொள்ளளவைக் காத்து, உபரிநீர் தன் வழியே செல்லுமானால் படகுக்கே வேலையிருக்காது. அதுவே முதல் மருத்துவம். ஆனால் அது முழுமை பெறும்வரை படகு வரத்தான் வேண்டும். வரும் படகு விரைந்து நீரில் இறங்கவும் வேண்டும். மாடியில் நிற்பவர்க்கு ஒவ்வொரு மணி நேரமும் நீண்டதாயிற்றே!

அதற்கு வேண்டியவை பெரிய செலவினங்கள் அல்ல. ஏரிக்கரைகளிலும் வெள்ளம் வழக்கமாக நிற்கும் சாலை முனைகளிலும் எட்டுக்கு ஒன்று என்ற அளவில் சொரசொரப்பான சிமெண்டுச் சரிவுகள். அவற்றின் மேல்முனையில் கயிறு கட்ட ஓர் இரும்பு வளையம், டிராக்டர் நிற்க உலர்ந்த சமதளம். மீனவர் படகின் அடிவடிவுக்கு ஏற்ற சில டிரெய்லர்கள். எந்தக் குப்பத்தில் எந்தப் படகு, எந்த ஊரில் எந்த லாரி என்று ஒரு பட்டியல். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை ஒத்திகை. படகை இறக்கும் நுட்பத்தைக் குப்பத்துப் பெரியவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்வது இவை எல்லாவற்றிலும் முந்திய வேலை.

ஓடம் வண்டியில் ஏறும் நாள் இன்னும் வரும். அன்று வண்டி வழுக்கி நிற்காமல் இருக்கவேண்டுமானால், எந்தச் சக்கரம், எந்தச் சரிவு, எவ்வளவு நீளக் கயிறு என்ற மூன்று கேள்விகளுக்கும் வானம் வெளுத்திருக்கும்போதே விடை கண்டு வைத்திருக்கவேண்டும்.